ஆய்வேடு இல்லாத முதுநிலைப் பட்டம்: ஜார்ஜியா டெக்கின் இணையவழிக் கணினி அறிவியல் படிப்பு, ஒரு மதிப்பீடு

"தீசிஸ் எல்லாம் கிடையாது, பத்துப் பாடம் முடித்தால் பட்டம் கையில்" என்று என் அலுவலக நண்பர் ஒருவர் தேநீர் இடைவேளையில் சொன்னதுதான் இந்தப் படிப்பைப் பற்றி நான் கேள்விப்பட்ட முதல் தகவல். சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனால் 2019 ஆகஸ்டில் சேர்ந்து, சென்னையில் முழுநேர வேலையில் இருந்துகொண்டே பருவத்துக்கு ஒரு பாடமாக எடுத்து, 2022 டிசம்பரில் முடித்த பிறகு, அந்த வாக்கியத்தில் அவர் சொல்லாமல் விட்டவற்றை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது. ஆய்வேடு எழுதப் பயந்தோ, எழுத நேரமில்லாமலோ இப்படிப்பட்ட பட்டங்களைத் தேடும் பலருக்கு இது பயன்படக்கூடும்.

அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் உள்ள ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகம், கணினி அறிவியலில் தன் முதுநிலைப் பட்டத்தை முழுக்க இணையவழியில் வழங்கப்போவதாக 2013 மே மாதத்தில் அறிவித்தது. யுடாசிட்டி நிறுவனம் காணொளிப் பாடங்களைத் தயாரிக்க, தொலைத்தொடர்பு நிறுவனமான ஏடி அண்ட் டி பணம் கொடுக்க, அப்போது கணினியியல் கல்லூரியின் தலைவராக இருந்த ஸ்வி கலில் முன்னின்று நடத்த, 2014 ஜனவரியில் சில நூறு மாணவர்களுடன் முதல் வகுப்புகள் தொடங்கின. இன்று ஒரே பருவத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இதில் படிக்கிறார்கள். பட்டச் சான்றிதழில் "இணையவழி" என்ற சொல் எங்கும் இடம்பெறாது. வளாகத்தில் படித்தவருக்குக் கிடைக்கும் அதே பட்டம்தான். ஆன்லைன் மாஸ்டர் ஆஃப் சயின்ஸ் இன் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்பதன் சுருக்கமான ஓஎம்எஸ்சிஎஸ் என்ற பெயரை வாய் குளறாமல் சொல்ல எனக்கே ஒரு பருவம் ஆயிற்று.

பட்டம் பெற 30 கிரெடிட் தேவை (கிரெடிட் என்பது பாடச்சுமையை அளக்கும் அலகு). பாடத்துக்கு 3 கிரெடிட் என்பதால் அது பத்துப் பாடங்கள் ஆகிறது. வளாகத்தில் படிப்பவருக்கும் மொத்தம் இதே 30 கிரெடிட்தான். ஆனால் அவர் விரும்பினால் அதில் 12 கிரெடிட்டை ஆய்வேட்டுக்கோ 9 கிரெடிட்டை ஒரு செயல்திட்டத்துக்கோ ஒதுக்கிக்கொள்ளலாம், அல்லது முழுவதையும் பாடங்களாகவே முடிக்கலாம். இணையவழியில் இந்த மூன்றாவது பாதைதான் பொது வழி. அமெரிக்காவின் வேறு பல பல்கலைக்கழகங்கள் ஆய்வேடு எழுதாத மாணவர்களுக்குக் கடைசியில் ஒரு ஒட்டுமொத்தத் தேர்வு வைப்பதுண்டு. இங்கே அதுவும் இல்லை. நேர்காணல் இல்லை, வாய்மொழித் தேர்வு இல்லை, கடைசிப் பாடத்தின் கிரேடு பதிவாகிவிட்டால் கதை முடிந்தது. கேட்பதற்கு மிக எளிதாகத்தான் இருக்கிறது.

ஆய்வேடு போன இடத்தில் வந்து உட்கார்ந்திருப்பது கிரேடு விதி. நாம் தேர்ந்தெடுக்கும் சிறப்புப் பிரிவுக்கு உரிய பாடங்கள் ஒவ்வொன்றிலும் குறைந்தது பி எடுக்க வேண்டும். விருப்பப் பாடங்களில் சி வரை ஏற்றுக்கொள்வார்கள், ஆனால் ஏ-க்கு 4, பி-க்கு 3, சி-க்கு 2 என்ற கணக்கில் மொத்தச் சராசரி 3-க்குக் கீழே போகக்கூடாது. இவை தவிர, அடிப்படைப் பாடங்கள் என்று பட்டியலிடப்பட்டவற்றில் இரண்டை முதல் ஓராண்டுக்குள் பி அல்லது அதற்கு மேலான கிரேடோடு முடித்தால்தான் படிப்பைத் தொடர முடியும். சேர்க்கையின்போது கதவை அகலமாகத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே வந்தவர்களை அதன் பிறகு சலித்தெடுக்கும் முறை இது. நம் ஊரில் நுழைவுத் தேர்வில் தேறிவிட்டால் பிறகு எப்படியாவது கரையேறிவிடலாம் என்று பழகிப்போன மனதுக்கு, இந்தத் தலைகீழ் ஏற்பாடு புரிபடக் கொஞ்ச நாள் பிடிக்கிறது.

நான் எடுத்த, தரவைக் கொண்டு கணினியைக் கற்க வைக்கும் இயந்திரக் கற்றல் (மெஷின் லேர்னிங்) பிரிவில் 15 கிரெடிட், அதாவது ஐந்து பாடங்கள், பி விதிக்குள் வருகின்றன. மீதி ஐந்தும் விருப்பப் பாடங்கள். என் கணக்கில் ஐந்து ஏ, நான்கு பி, ஒரு சி, சராசரி 3.4. அந்தச் சி யாருடைய குற்றமும் இல்லை, என் பேராசைதான். இலையுதிர் பருவமும் வசந்தப் பருவமும் பதினாறு வாரத்துக்கு மேல் நீளும். கோடைப் பருவமோ பன்னிரண்டு வாரத்துக்குள் முடிந்துவிடும், ஆனால் பாடத்தின் அளவு பெரும்பாலும் குறைவதில்லை. அதைத் தெரிந்துகொண்டே 2020 கோடையில் கனமான ஒரு பாடத்தை எடுத்தேன். நல்ல வேளையாக அது விருப்பப் பாடம்.

முதல் பருவத்தில் நான் எடுத்தது அறிவு சார்ந்த செயற்கை நுண்ணறிவு என்னும் பாடம். பேராசிரியர் அசோக் கோயல் 2016-இல் தன் மாணவர்களுக்குச் சொல்லாமலேயே ஜில் வாட்சன் என்ற மென்பொருளை உதவி ஆசிரியராகப் பதில் எழுத வைத்தது இந்தப் பாடத்தில்தான். கேள்விகளுக்குப் பதில் சொல்லும் ஐபிஎம்மின் வாட்சன் மென்பொருளை அடிப்படையாகக் கொண்டு கட்டப்பட்ட அதை, மனிதர் அல்ல என்று பலர் கண்டுபிடிக்கவே இல்லை. பாடத்தின் மையச் செயல்திட்டம் ரேவன் அணிப் புதிர்களைத் தீர்க்கும் நிரல் ஒன்றை எழுதுவது. மூன்றுக்கு மூன்று கட்டங்களில் எட்டில் வட்டமும் சதுரமும் கோடுமாக உருவங்கள் இருக்கும், ஒன்பதாவது காலியாக இருக்கும், அங்கே வர வேண்டியதை எட்டு விடைகளிலிருந்து பொறுக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளை பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடும் விடையை என் நிரல் சொல்ல மறுத்த ஓர் இரவில், அந்தப் பிள்ளை எப்படிச் சொல்கிறது என்பதுதான் உண்மையான கேள்வி என்று புரிந்தது. அதற்கடுத்த பருவத்தில் எடுத்த இயங்குதள அறிமுகப் பாடத்தில் சி மொழியில் பல இழைகள் கொண்ட, அதாவது ஒரே நேரத்தில் பல கோரிக்கைகளைக் கவனிக்கும், கோப்புச் சேவையகம் ஒன்றை எழுத வேண்டியிருந்தது. வீட்டில் நூறு முறை ஓட்டினால் நூறு முறையும் ஒழுங்காக ஓடும் நிரல், தானியங்கித் திருத்தியில் ஏற்றியதும் பாதியில் உறைந்து நிற்கும். அதில் ஒரு நாளைக்குச் சில முறை மட்டுமே ஏற்றிப் பார்க்க முடியும் என்பதால், ஏற்றுவதற்கு முன் காகிதத்தில் யோசிக்கும் பழக்கம் தானாக வந்தது. பத்தாண்டு வேலை அனுபவம் கற்றுத் தராத பழக்கம் அது.

எழுதத் தேவையில்லை என்று நினைத்து இதில் சேருபவர்கள் ஏமாறும் இடம் இயந்திரக் கற்றல் பாடம். பேராசிரியர்கள் சார்லஸ் இஸ்பெல்லும் மைக்கேல் லிட்மனும் ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொண்டே நடத்தும் காணொளிகள் திண்ணைப் பேச்சைப் போல இனிமையாக ஓடும். அசைன்மென்ட் வரும்போதுதான் தெரியும். ஐந்து கற்றல் வழிமுறைகளை (அல்காரிதங்களை) இரண்டு தரவுத்தொகுப்புகளில் ஓட்டிப் பார்த்து, ஏன் ஒன்று இங்கே வென்றது, ஏன் அதே வழிமுறை அங்கே தோற்றது என்று அறிக்கை எழுத வேண்டியிருந்தது. நிரலை எங்கிருந்து வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு மதிப்பெண் இல்லை, விளக்கத்துக்குத்தான் மதிப்பெண் என்பது அந்தப் பாடத்தின் பிரசித்தமான விதி. நான் முதல் அறிக்கையில் வரைபடங்களை அடுக்கி, ஒவ்வொன்றின் கீழும் அதில் தெரிவதையே வார்த்தையில் திருப்பிச் சொல்லி அனுப்பினேன். திருத்தியவர் ஓரத்தில் எழுதியிருந்த "ஏன்" என்ற கேள்வியை எண்ணிப் பார்த்தேன். பதினொரு இடத்தில் இருந்தது. அந்தப் பருவத்தில் அப்படி நான்கு அறிக்கைகள். எல்லாப் பாடங்களிலும் எழுதிய பக்கங்களைச் சேர்த்தால் ஓர் ஆய்வேட்டின் பருமனைத் தாண்டும் என்றே நினைக்கிறேன், ஒரே கேள்வியைப் பற்றி எழுதவில்லை என்பது மட்டும்தான் வேறுபாடு.

இந்தியாவிலிருந்து படிப்பவர்கள் பாடத்திட்டத்தைவிட முதலில் கற்க வேண்டியது கடிகாரத்தை. சில பாடங்களில் கெடு, உலகில் கடைசியாக ஞாயிறு முடியும் இடத்தின் நேரப்படி இருக்கும். அதாவது நமக்குத் திங்கள் மாலை ஐந்தரை மணி. வேறு சில பாடங்களில் அட்லாண்டாவின் நள்ளிரவு. நமக்கு அது குளிர்காலத்தில் திங்கள் காலை பத்தரை, கோடையில் ஒன்பதரை. மார்ச் மாதத்தின் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை அமெரிக்கர்கள் தம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்கிறார்கள் என்பது எனக்குப் பொது அறிவாகத் தெரியும், அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் நினைவுக்கு வரவில்லை. காலை பத்து மணி ஐந்து நிமிடத்துக்கு, இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருக்கிறது என்ற நிம்மதியோடு அசைன்மென்ட்டை அனுப்பினேன். கெடு முடிந்து அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. முழுக்க என் தவறு. அதன் பிறகு கணினித் திரையின் மூலையில் அட்லாண்டாவின் கடிகாரம் ஒன்று எப்போதும் ஓடிக்கொண்டிருந்தது.

தேர்வுகள் வீட்டிலிருந்தே எழுதலாம், கண்காணிப்பு மென்பொருள் பார்த்துக்கொண்டிருக்கும். தொடங்கும் முன் கேமராவை அறை முழுக்கச் சுழற்றி, மேசைக்கு அடியில் காட்டி, வெற்றுத் தாளின் இரண்டு பக்கத்தையும் திருப்பிக் காட்ட வேண்டும். ஒலியும் பதிவாகும். கோடைப் பருவத்தின் இறுதித் தேர்வுகள் ஜூலைக் கடைசியில் வரும் என்பதையும், அது ஆடி மாதம் என்பதையும், எங்கள் தெருமுனையில் அம்மன் கோவில் இருப்பதையும் 2022-இல்தான் ஒன்றாகச் சேர்த்து யோசித்தேன். ஒலிபெருக்கியில் தாலாட்டுப் பாட ஆரம்பித்ததும் ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் போர்வையைத் திணித்து, மின்விசிறியை நிறுத்தி எழுதினேன். தேர்வு நேரத்தில் அறைக்குள் யாரும் வரக்கூடாது என்று அம்மாவிடம் நாலு முறை சொல்லியிருந்தேன். அவர் கதவுக்கு வெளியே நின்று, "காபி ஆறிப்போகுதுப்பா" என்று சொன்னது நிச்சயம் அட்லாண்டாவில் எங்கோ பதிவாகியிருக்கும்.

எல்லாவற்றுக்கும் கடைசியில் நிற்பது பட்ட மேற்படிப்புக்கான வழிமுறைகள் (கிராஜுவேட் அல்காரிதம்ஸ்) என்னும் பாடம். என் பிரிவுக்குக் கட்டாயம், பி-க்குக் குறையக்கூடாது. அதிக கிரெடிட் முடித்தவர்களுக்கே முன்பதிவில் முன்னுரிமை என்பதாலும், இடத்துக்குப் போட்டி மிகுதி என்பதாலும், பெரும்பாலோருக்கு இது ஒன்பதாவது அல்லது பத்தாவது பாடமாகத்தான் கிடைக்கிறது. ஒன்பது பாடத்தை முடித்துவிட்டு, மூன்றாண்டு உழைப்பின் பலன் மூன்று தேர்வுகளில் தொங்கும் நிலையில் உட்கார்ந்திருப்பது எப்படிப்பட்ட அனுபவம் என்பதை ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருந்தவர்கள் மட்டுமே புரிந்துகொள்வார்கள். சிறு கணக்குகளின் விடையைச் சேர்த்துப் பெரிய கணக்கைத் தீர்க்கும் இயங்குநிலை நிரலாக்கம், புள்ளிகளையும் அவற்றை இணைக்கும் கோடுகளையும் கையாளும் வரைபட வழிமுறைகள், விரைவாகத் தீர்க்க வழி தெரியாத கணக்குகளைப் பற்றிய என்பி முழுமை என்று ஒவ்வொன்றிலும் வழிமுறையைச் சொல்லி, அது சரியென்று நிறுவி, அதற்கு ஆகும் நேரத்தையும் கணக்கிட்டுக் காட்ட வேண்டும். நிரல் எழுதியே பிழைப்பு நடத்தும் என்னைப் போன்றவர்களுக்கு, "ஓடுகிறது" என்பதற்கும் "ஏன் எப்போதும் சரியாக ஓடும்" என்பதற்கும் உள்ள தூரம் இங்கேதான் தெரிகிறது. முதல் தேர்வில் சறுக்கினேன். அதன் பிறகு எட்டு வாரம், தினமும் காலை நாலரை மணிக்கு எழுந்து, ஒரு கணக்கை முழு வாக்கியங்களில் எழுதித் தீர்த்துவிட்டுத்தான் பல் துலக்கினேன். பி வந்தது. இந்தப் பாடத்தைக் கடைசியில் வைக்கும் ஏற்பாட்டை என்னால் பாராட்ட முடியவில்லை. அங்கே தேறாமல் மீண்டும் அதே பாடத்துக்குப் பதிவு செய்யக் காத்திருப்பவர்களை நினைத்தால், இரண்டாம் ஆண்டிலேயே எல்லாருக்கும் இடம் கொடுத்துவிட்டால் என்ன என்று தோன்றுகிறது.

கட்டணத்தைப் பொறுத்தவரை, ஒரு புகழ்பெற்ற அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பட்டம் ஏழாயிரம் டாலருக்கு என்ற விளம்பரம் உண்மை, ஆனால் அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நான் சேர்ந்தபோது கிரெடிட்டுக்கு 180 டாலர், அதாவது பாடத்துக்கு 540. அதன் மேல், எத்தனை பாடம் எடுத்தாலும் பருவத்துக்கு ஒரு முறை 301 டாலர். பருவத்துக்கு இரண்டு பாடமாக எடுத்து ஐந்து பருவத்தில் முடிப்பவருக்கு ஏழாயிரத்துக்குள் அடங்கும். என்னைப் போல் ஒவ்வொன்றாக எடுத்தால் அதே விகிதத்தில் எட்டாயிரத்து நானூறு. மெதுவாக நடப்பவரிடம்தான் சுங்கம் அதிகம். கட்டண விகிதங்கள் அவ்வப்போது மாற்றப்படுகின்றன, சேருவதற்கு முன் நடப்புப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். டாலரின் விலையையும் வங்கி பிடித்துக்கொள்ளும் பரிமாற்றக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். முடிக்க ஆறு ஆண்டு அவகாசம் உண்டு என்பதால் அவசரப்பட்டு இரண்டிரண்டாக எடுக்கச் சொல்லி நான் யாருக்கும் அறிவுரை கூறமாட்டேன். வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் என்பது ஒரு பாடத்துக்கே சாதாரணமாகத் தேவைப்படுகிறது. குடும்பம் உள்ளவருக்கு அந்த மணி நேரம் வேறு யாரோ ஒருவருடைய மடியிலிருந்துதான் வரும்.

ஆய்வேடு இல்லாததால் எதை இழக்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். இழப்பது உழைப்பை அல்ல, அது குறைவின்றிக் கிடைக்கிறது. ஒரு மனிதரை இழக்கிறோம். ஆய்வேடு எழுதும் மாணவருக்கு, இரண்டு ஆண்டு தன் யோசனைகளைக் கேட்டு, பாதியைக் குப்பையில் போட்டு, மீதியைத் திருத்திக் கொடுத்த வழிகாட்டி ஒருவர் இருப்பார். பிற்காலத்தில் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது அவர் எழுதும் கடிதத்துக்கு ஒரு கனம் இருக்கும். பல நூறு பேர் படிக்கும் வகுப்பில், திருத்துவதும் பதில் சொல்வதும் பெரும்பாலும் உதவி ஆசிரியர்கள் என்ற ஏற்பாட்டில், பேராசிரியர் உங்களை அறிந்திருக்க நியாயமில்லை. இதைக் குறையாகச் சொல்வதைவிட விலையின் மறுபக்கமாகச் சொல்வதே பொருத்தம். ஏழாயிரம் டாலருக்கு ஒரு பேராசிரியரின் வாரத்துக்கு ஒரு மணி நேரத்தை எந்தப் பல்கலைக்கழகமும் தர முடியாது. ஆய்வு நாட்டம் உள்ளவருக்கு வழி அறவே அடைபடவும் இல்லை. இதே படிப்பில் பாடம் நடத்தும் டேவிட் ஜாய்னரின் கல்வித் தொழில்நுட்பப் பாடம் பருவம் முழுக்க ஒரே செயல்திட்டத்தைச் சுற்றி நடப்பது. அதைக் கருத்தாகச் செய்தவர்களுக்கு ஆய்வுக் கட்டுரையின் சுவை ஓரளவு தெரிந்துவிடும். முனைவர் பட்டம்தான் குறிக்கோள் என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டவர்கள் மட்டும், கைச்செலவு கூடினாலும், ஆய்வேடு உள்ள வளாகப் படிப்பைத் தேடுவது நல்லது.

இது விசா தரும் படிப்பு அல்ல என்பதையும் திருமணத் தரகர்கள் உட்படப் பலரிடம் நான் விளக்க வேண்டியிருந்தது. அமெரிக்கா போய் வேலை தேட இது வழி திறக்காது. இந்தியாவில் கல்லூரி ஆசிரியர் பணியையோ அரசுப் பணியையோ மனதில் வைத்திருப்பவர்கள், வெளிநாட்டு இணையவழிப் பட்டத்துக்குச் சமநிலைச் சான்றிதழ் கிடைக்குமா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன் எழுத்து மூலமாக விசாரித்துக்கொள்ள வேண்டும். தனியார் மென்பொருள் நிறுவனங்களில் இந்தக் கேள்வி எழுவதில்லை. என் நேர்காணல்களில் யாரும் ஆய்வேட்டின் தலைப்பைக் கேட்டதில்லை, கோப்புச் சேவையகத்தைப் பற்றி இரண்டு பேர் கேட்டார்கள்.

சேர நினைப்பவர்களுக்கு ஜிஆர்இ நுழைவுத் தேர்வு தேவையில்லை. டோஃபல் என்னும் ஆங்கிலத் தேர்வு தேவை, நான் விண்ணப்பித்தபோது 100 மதிப்பெண் கேட்டார்கள். மூன்று பரிந்துரைக் கடிதங்களும் இளநிலைப் பட்டத்தின் மதிப்பெண் பட்டியல்களும் வேண்டும். டோஃபலுக்கு நான் படித்தது இரண்டு வாரம். நான் படித்த கல்லூரியிலிருந்து முத்திரையிட்ட மதிப்பெண் பட்டியலை வாங்க ஆனது ஏழு வாரம், நான்கு நேரடிப் பயணம், அதில் ஒரு முறை "சூப்பிரண்டு சார் லீவு" என்ற பதிலுக்காக மட்டும். இலையுதிர், வசந்தப் பருவங்களுக்கு மட்டுமே சேர்க்கை நடக்கிறது, கோடையில் கிடையாது. ஒரு கெடுவைத் தவறவிட்டால் அரை ஆண்டு போய்விடும் என்பதால், விண்ணப்பப் படிவத்தைத் திறப்பதற்கு முன்பே உங்கள் கல்லூரி அலுவலகத்துக்கு ஒரு நடை போய் வந்துவிடுங்கள்.